ஐம்பத்தொன்பதுக்கு முன் ஒரு சத்தம்

குளிர்காலத்தில் வெளியிலிருந்து கொண்டுவந்த கிட்டார்ப் பெட்டியை உடனே திறக்கக் கூடாது. இரண்டு மணி நேரமாவது மூடியபடியே வைத்திருந்து, அறையின் சூடு மெதுவாக உள்ளே இறங்கிய பிறகு திறக்க வேண்டும். இல்லாவிட்டால் மேல்பூச்சு சிலந்தி வலை போல வெடித்துவிடும். உங்கள் ஆட்கள் நான்கு பெட்டிகளையும் ஷெரிஃப் அலுவலக வாசலிலேயே திறந்துவிட்டார்களாம். குறையாகச் சொல்லவில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

திருமதி போஸ்கர், நேற்று விசாரணையில் நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். ஒலிநாடாவில் மூன்றாவது கிட்டாருக்கும் நான்காவது கிட்டாருக்கும் நடுவில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கிறதே, அது என்ன என்று. எழுதித் தருகிறேன் என்றேன். வாயால் சொன்னால் எனக்கு வரிசை தப்பிப் போகும். எங்கள் சிற்றூர்ப் பள்ளியில், கடிதம் என்றால் யார், எங்கே, என்ன, ஏன் என்ற வரிசையில் போகவேண்டும் என்று பழக்கினார்கள். அறுபத்தெட்டு வயது வரை அதை மாற்றிக்கொள்ள எனக்கு அவசியம் வரவில்லை.

என் பெயர் லைல் டைக்ஹவுஸ். ஆற்றங்கரையில் இருந்த கிட்டார்த் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் கடைசிச் சோதனை மேசையில் வேலை பார்த்தேன். எல்லா கிட்டாரும் என் கையைத் தாண்டித்தான் வெளியே போகும். மணமாகாதவன். மெர்ல் ஹூக்ஸ்ட்ரா முடிதிருத்துபவன். தொழிற்சாலைக்கு எதிரே கடை வைத்திருந்தான், சனிக்கிழமை இரவுகளில் நடன விருந்துகளில் வாசிப்பான். ஐந்து வாரங்களுக்கு முன் அவன் என் வீட்டுக் கீழ்த்தளத்தில் இறந்தான். பழைய கருவி, மின்கசிவு, விபத்து என்று மருத்துவ அதிகாரி எழுதிக் கொடுத்தார்.

அந்த நான்கு கிட்டார்களும் மெர்லுடையவை. எல்லாம் எங்கள் ஊர்த் தயாரிப்பு, ஒரே மாதிரி, ஒரே நிறம். ஐம்பத்து நான்கு, ஐம்பத்தேழு, ஐம்பத்தொன்பது, அறுபத்தொன்று என்று தயாரித்த வருடம் மட்டுமே வேறு. அவன் வீட்டில் ஈரம் அதிகம் என்பதால் என்னிடம் இருந்தன. ஒரே மாதிரி என்றால் ஒலியும் ஒன்றாகத்தானே இருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி இல்லை. கம்பிகளுக்குக் கீழே காந்தத்தைச் சுற்றி, தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றுவார்கள். அந்தக் காலத்து இயந்திரத்தில் சுற்றுகளை எண்ணும் வசதி கிடையாது. சுற்றும் பெண்கள் கண்ணால் பார்த்து, போதும் என்று தோன்றும்போது நிறுத்துவார்கள். ஐம்பத்தொன்பதில் அந்த வேலையில் ஐரிஸ் போல்மன் இருந்தாள். பேச்சுக்காரி. பேசிக்கொண்டே இருப்பதில் சில நூறு சுற்றுகள் கூடிப் போகும். அதனால்தான் அந்த வருடத்துக் கிட்டார்களுக்குக் குரல் கனம். அவள் மறு வருடம் கல்யாணமாகி கிராண்ட் ராபிட்ஸ் போய்விட்டாள். அறுபத்தொன்றில் அந்தக் கனம் இல்லை. நான் அவளுடன் பேசியதில்லை. என் மேசை அடுத்த வரிசையில் இருந்தது, அவ்வளவுதான்.

இருபத்திரண்டு வருடங்களாக ஒவ்வொரு சனிக்கிழமையும் மதியம் மூன்று மணிக்கு மெர்ல் வருவான். ஒருவர் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். மற்றவர் நான்கு கிட்டார்களையும் தனக்குத் தோன்றிய வரிசையில் எடுத்து, கம்பிகளைச் சேர்த்து ஒரே சுருதிக்கூட்டை மும்மூன்று முறை அடிக்க வேண்டும். ஆம்ப்ளிஃபையரின் திருகு குமிழ்கள் நிற்கவேண்டிய இடங்களில் சிவப்பு நகப்பூச்சால் புள்ளி வைத்திருந்தேன். நான்கிலும் ஒரே நாளில்தான் கம்பி மாற்றுவோம். சுவரைப் பார்த்திருப்பவர் வருடத்தைச் சொல்ல வேண்டும். பிறகு இடம் மாறிக்கொள்வோம். பிறகு காப்பி. பிறகு அவன் போய்விடுவான். அடுத்த சனிக்கிழமை வர ஏழு நாள் ஆகும்.

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு நாள் அவன் ஐம்பத்து நான்கைக் கேட்டுவிட்டு அறுபத்தொன்று என்றான். நான் சரி என்றேன். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. அடுத்த வாரம் இரண்டு தப்பு. அதற்கும் சரி என்றேன். காது போய்விட்டது என்று தெரிந்தால் அவன் வரமாட்டான். இதில் யாருக்கும் நட்டமில்லை.

இந்த ஜனவரியில் காப்பி குடிக்கும்போது சொன்னான்.

"லைல், மக டெனிஸ் அவ வீட்ல எனக்கு ஒரு ரூம் ஒதுக்கிட்டாடா. மார்ச் முதல் வாரம் தெக்க டூசானுக்குக் கிளம்பறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"நாளா? எனக்கு எழுபத்தொண்ணு ஆச்சு. பனி அள்ளி அள்ளி முதுகு போச்சு. மக வாசல்ல ஆரஞ்சு மரம் இருக்காம். கீழ ஒரு நாற்காலி போட்டு உக்காந்துட்டே செத்துப் போறேன், போ."

"கிட்டார்?"

"சிகாகோக்காரன் ஒருத்தன் வந்து எடுத்துக்கறான். நாலு பேருக்கு நாலா பிரிச்சுக் குடுத்துடுவானாம்."

சனிக்கிழமை என்ன ஆகும் என்று கேட்டேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிஸ்கட் தூள் சட்டையில் உதிர்ந்தது.

"போறப்ப எதுக்கு மறைக்கணும். ஆறு வருஷமா எனக்கு நாலும் ஒண்ணாத்தான்டா கேக்குது. வாய்க்கு வந்த வருஷத்தச் சொல்றேன், நீ 'சரி, சரி'ங்கற. ஆறு வருஷம் ஒரு தப்பு கூட இல்லாம எவனாவது சொல்லுவானா? நீயெல்லாம் எலெக்‌ஷன்ல நின்னிருக்கணும்."

"தெரிஞ்சும் ஏன் வந்த?"

"நான் வரலைன்னா வேற யாருடா வருவா உன் வீட்டுக்கு?"

அவன் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டான். நான் கோப்பைகளைக் கழுவினேன். கோபம் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை.

வாசலில் பூட்ஸ் மாட்டும்போது அவனே சொன்னான்: "போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை அந்த எர்த் கம்பி இல்லாம கேக்கணும்டா. நீ அதப் போட்டதுல இருந்து ஐம்பத்தொன்பது தூங்குது. பதினெட்டு வருஷமா கெஞ்சறேன், ஒரு நாளாவது கழட்டினியா, பிடிவாதக்காரா?"

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். என் ஆம்ப்ளிஃபையர் ஐம்பத்தேழாம் வருடத்தது. அதன் ப்ளக்கில் இரண்டு முள்தான், எர்த் கிடையாது. பின்னால் ஒரு சிறிய ஸ்விட்ச் உண்டு. அது ஒரு பக்கம் இருந்தால் பாதகமில்லை. மறுபக்கம் தள்ளினால், உள்ளே இருக்கும் சின்ன கெபாசிட்டர் ஒன்று கெட்டிருந்தால், சுவரின் மின்சாரம் பெட்டியின் உலோகத் தகட்டுக்கு வந்து, அங்கிருந்து கிட்டார்க் கம்பிகளுக்கும் வந்துவிடும். எழுபத்தாறில் நான் எர்த்துக்காக மூன்றாவது கம்பியை இழுத்து, புது கெபாசிட்டர் போட்டு, ஸ்விட்சின் தொடர்பையும் துண்டித்துவிட்டேன். பழைய கிட்டார் பிரியர்களுக்கு இது பிடிக்காது. தொழிற்சாலை அனுப்பியபடியே இருந்தால்தான் அசல் ஒலி வரும் என்று சத்தியம் செய்வார்கள். அதற்காகவே ஷாக் அடிக்கும் பெட்டிகளை அப்படியே வைத்திருப்பவர்களை நான் அறிவேன். உண்மையில் எர்த் கம்பி ஒலியைத் தொடுவதே இல்லை. ஆளை மட்டும் காப்பாற்றும்.

"சரி, கழட்டறேன்" என்றேன்.

அவன் என்னைக் கட்டிப்பிடித்தான். கதவு திறந்திருந்ததால் குளிர் உள்ளே வந்தது.

பிப்ரவரி பத்தொன்பதாம் தேதியைக் கடைசிச் சனிக்கிழமையாக வைத்துக்கொண்டோம். டெனிஸுக்குக் கேட்கத் தர வேண்டும் என்று மெர்ல் தன் டேப் ரெக்கார்டரையும் மைக்கையும் கொண்டுவருவதாகச் சொன்னான். ஒவ்வொரு கிட்டாரையும் அவனே வாசிப்பான். வாசிக்குமுன் மைக்கில் வருடத்தைச் சொல்வான். அந்த ரெக்கார்டருக்கு எர்த் உண்டு. ஒரு கை கிட்டார்க் கம்பியிலும் மறு கை அந்த மைக்கிலும் இருந்தால் என்ன ஆகும் என்பது சோதனை மேசையில் உட்கார்ந்த எவருக்கும் தெரியும்.

நான் எல்லாவற்றையும் பழையபடி மாற்றினேன். எழுபத்தாறில் கழற்றிய கெபாசிட்டர் இழுப்பறையில் இருந்தது. சோதித்தேன். முழுவதும் கெட்டிருந்தது. அதையே திரும்பப் போட்டேன். அசல் பாகம்தான். அன்று காலை தரைவிரிப்பையும் சுருட்டி எடுத்துவிட்டேன். சிமெண்டுத் தரையில் ஒலி தெளிவாக வரும்.

மெர்ல் பனியில் நடந்து வந்தான். பூட்ஸைக் கழற்றிவிட்டு ஈரக் காலுறையுடன் இறங்கி வந்தான். "விரிப்பு எங்கடா? கால் விறைக்குது" என்றான். துவைக்கப் போட்டிருப்பதாகச் சொன்னேன். ஸ்விட்ச் பாதகமில்லாத பக்கத்தில் இருந்தது. அவன் ஐம்பத்து நான்கை வாசித்தான், ஐம்பத்தேழை வாசித்தான், பிறகு அறுபத்தொன்றை. ஐம்பத்தொன்பதைக் கடைசிக்கு வைக்கச் சொன்னது நான். மூன்றும் முடியட்டும் என்று பொறுத்திருந்தேன். அவனுக்கு ஒன்றும் விட்டுப் போகக் கூடாது.

அறுபத்தொன்றைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கே வித்தியாசம் கேக்குதுடா, சத்தியமா. பாத்தியா, அந்த எர்த் கம்பிதான்" என்றான். அவன் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் வெகுநாளாகப் பார்த்ததில்லை. கம்பி காரணமில்லை என்று நான் திருத்தவில்லை.

அவன் ஐம்பத்தொன்பதை எடுத்து மாட்டும்போது நான் ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் கைவிட்டு ஸ்விட்சை மறுபக்கம் தள்ளினேன். நீங்கள் கேட்ட சத்தம் அதுதான். அவன் இடது கையால் கம்பிகளை அழுத்திக்கொண்டு, வலது கையால் மைக்கைப் பிடித்து, "ஐம்பத்தொன்..." என்றான்.

முதலில் ரெக்கார்டரை நிறுத்தினேன். கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு ஸ்விட்சைப் பழைய பக்கம் தள்ளினேன். அந்தச் சத்தம் நாடாவில் இருக்காது. பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

நாடாவை டெனிஸ் எடுத்துப் போனபோது நான் தடுக்கவில்லை. இந்த ஊரில் அப்படி ஒரு சின்னச் சத்தத்தைப் பிரித்துக் கேட்க என்னால் மட்டும்தான் முடியும் என்று நினைத்திருந்தேன். உங்களுக்கு நல்ல காது, திருமதி போஸ்கர். இதை முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை. உங்களுக்கு ஒரு சனிக்கிழமை ஓய்வு கிடைத்து, கிட்டார்களும் திரும்பி வந்தால், சுவரைப் பார்த்து ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள். ஐம்பத்தொன்பதை முதல் அடியிலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

தெரிந்தே, திட்டமிட்டு, யாருடைய உதவியும் இல்லாமல் நான்தான் மெர்லைக் கொன்றேன். இந்த வாக்கியத்தை உங்களுக்கு வேண்டிய சொற்களில் மாற்றி எழுதிக்கொள்ளலாம், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவனைப் போகவிடாமல் செய்யத்தான் கொன்றேன் என்று டெனிஸ் சொன்னதாகச் சொன்னீர்களே, அதை மட்டும் எழுத வேண்டாம். நான் அப்படிப்பட்டவன் இல்லை. அவள் அவன் உடலை டூசானுக்கு எடுத்துப் போகத்தான் இருந்தாள். அவன் மனைவி இங்கே அடக்கமாகியிருப்பதை எடுத்துச் சொல்லி, பக்கத்திலேயே வைக்க ஏற்பாடு செய்ததும் நான்தான். கல்லறை என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். சனிக்கிழமை மூன்று மணிக்குத் தவறாமல் போகிறேன். முன்பின் தெரியாத ஊரில், பேச ஒரு ஆள் இல்லாமல், அவன் ரொம்பத் தனியாக இருந்திருப்பான்.