நாலு வெள்ளைப் புள்ளிகள்

— குனிஞ்சு வாங்க சார். இன்னும் குனியணும். முதல்ல போர்வை, அதுக்குப் பின்னால பாவாடை. எங்க வீட்டுக்குள்ள யாரும் தலை நிமிர்ந்து வந்ததே இல்ல.

— மழை பெய்யுதே அம்மா. இதுல துணி காயப் போட்டிருக்கீங்க?

— நானா போட்டேன்? எல்லாம் எங்கக்கா. வெயிலோ மழையோ, வெளியில கொடியில நாலு துணி தொங்கணும் அவளுக்கு. காயுதா காயலையாங்கறது அவ கவலையே இல்ல. நாப்பது வருஷமா சொல்றேன், செவிடன் காதுல ஊதின சங்கு. அக்கா! லெட்டர் போட்டாரே, அவர் வந்திருக்கார்!

— கத்தாதடி சின்னவளே. எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு, கண்ணைத்தான் சர்க்கரை தின்னுடுச்சு. உக்காருங்க ஐயா. எந்த நாற்காலியில உக்காந்தீங்க?

— ஜன்னல் பக்கம்மா.

— அங்க சாரல் அடிக்கும். இப்படி வாங்க. பஸ்லயா வந்தீங்க, பாலத்தைத் தாண்டி?

— ஆமா. ரெண்டு மணி நேரம். ஒரு காலத்துல அந்தப் பாலத்துல கால் வெச்சாலே சுட்டுடுவாங்க. இப்ப கண்டக்டர், பெரியவருக்கு அரை டிக்கெட் தரவான்னு கேக்கிறார்.

— வாங்கிக்கிட்டீங்களா சார்?

— இல்லம்மா. அதுக்கு எழுபது ஆகணும். எனக்கு அறுபத்தொம்பது. விதின்னா விதி.

— நல்ல ஆளுதான் போங்க! கண்டக்டரே குடுத்தா வாங்கிக்க வேண்டியதுதானே? இருங்க, டீ போடறேன்.

— வேண்டாம். நான் டீ குடிக்க வரல.

— யாருதான் டீ குடிக்கன்னு வர்றாங்க? வந்த இடத்துல குடிக்கிறதுதான்.

— அவரை விடு சின்னவளே. சொல்லுங்க ஐயா. படம் கிடைச்சதுன்னு எழுதியிருந்தீங்க.

— கொண்டு வந்திருக்கேன். உங்க விமானப்படையோட பழைய காகிதமெல்லாம் யார் வேணும்னாலும் பார்க்கலாம்னு ரெண்டு வருஷத்துக்கு முன்னால சொன்னாங்கல்ல. எழுதிக் கேட்டேன். எட்டு மாசம் கழிச்சு நகல் வந்துது. முன்பக்கம் எங்க ஊரு, மேலேயிருந்து எடுத்தது. பின்பக்கம் பென்சில்ல ஒரு வார்த்தை. அதுக்குக் கீழ தேதி, பேரோட முதலெழுத்து ரெண்டு. அந்த ரெண்டு எழுத்து யாருன்னு கண்டுபிடிக்க இன்னொரு வருஷம் ஆச்சு.

— என்ன சார் வார்த்தை?

— அவங்களுக்குத் தெரியும்.

— எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அவ காதுல விழட்டும், சொல்லுங்க.

— 'காலி.'

— எது காலி?

— நாப்பத்திநாலு வீடும்மா. எங்க நெசவாலைக்கு ஒட்டினாப்புல தொழிலாளிங்க குடியிருப்பு. ரெண்டு வரிசை, நடுவுல ஒரு கிணறு. அதுல ஆள் யாரும் இல்லன்னு உங்கக்கா எழுதிக் கொடுத்தாங்க. மூணாம் நாள் விடியக்காலையில விமானம் வந்துது. நூத்தி எழுபத்தியொரு பேர்.

— அக்கா... நீ அப்ப ஆபீஸ்ல டைப் அடிச்சேன்னுதானே சொன்னே?

— வீட்டுல அப்படிச் சொல்லச் சொல்லி உத்தரவு. சண்டை முடிஞ்சப்புறம் மாத்திச் சொல்ல வாய் வரல.

— நாப்பது வருஷம் ஒரே கூரைக்குக் கீழ இருந்திருக்கேன்டி உன்கூட!

— அப்புறம் திட்டு. இப்ப அவர் பேசட்டும். உங்களுக்கு யார் யார் போனாங்க ஐயா?

— என் வீட்டுல ரெண்டு பேர். நான் ஆலைக் கோபுரத்துல இருந்தேன், அபாயச் சங்கு ஊதற முறை எனக்கு. ஊதினேன். என்ன பிரயோஜனம்? சங்குச் சத்தம் தெருமுனைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள குண்டு விழுந்துடுச்சு. அங்கேயிருந்து பார்த்துக்கிட்டே நின்னேன். வரிசையா, யாரோ மேலேயிருந்து கோடு போட்டு அழிக்கிற மாதிரி.

— ஆலை?

— அதைக் கேக்கணும் நீங்க. ஆலை பதினோராம் நாள் ஓடிச்சு. கூரைதான் பிய்ஞ்சது, தறியெல்லாம் அப்படியே இருந்துது. வீடுங்கதான் போச்சு.

— எங்க பெரிய அதிகாரி ஒருத்தர் இருந்தார். காலையில எங்களை நிக்க வெச்சு ஒரு பேச்சுப் பேசுவார். பழைய சண்டையெல்லாம் சேத்துல ஊர்ந்து ஊர்ந்து நடந்துது, லட்சம் பேர் செத்தாங்க, இனிமே அப்படி வேண்டாம், மேலேயிருந்து நாலு தட்டுத் தட்டினா ஆறு வாரத்துல முடிஞ்சிடும், ரெண்டு பக்கமும் உயிர் மிச்சம்னு. நாங்களும் நம்பினோம். இருபத்திரெண்டு வயசு எனக்கு.

— ஆறு வாரத்துல முடிஞ்சுதாக்கும்?

— அதுக்கப்புறம் மூணு வருஷம் நடந்துதும்மா.

— அவரு சொன்ன ஆறு வாரத்தைக் குப்பையில போடு. அக்கா, நீ என்னதான் வேலை பார்த்தே அங்க?

— படம் படிக்கிற வேலை. விமானம் போய்ப் படம் எடுத்துட்டு வரும். ஒரே இடத்தைக் கொஞ்சம் நகர்ந்து நகர்ந்து எடுப்பாங்க. ரெண்டு படத்தைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு, மேல ரெட்டைக் கண்ணாடி வெச்சுப் பார்த்தா வீடெல்லாம் எழுந்து நிக்கும். மரம் நிக்கும். நிழலை வெச்சு மணி சொல்லுவேன், சக்கரத் தடத்தை வெச்சு வண்டி போய் எவ்வளவு நேரமாச்சுன்னு சொல்லுவேன். அந்த அறையில எனக்குத்தான் கண்ணு ஜாஸ்தின்னு பேரு.

— அந்தக் கண்ணை வெச்சுத்தானா 'காலி'ன்னு எழுதினீங்க?

— ஆமாய்யா.

— அதுக்குத்தான் வந்தேன். எங்க ஊர்ல நினைவுக் கல் வைக்கிறாங்க. பக்கத்துல ஒரு சின்ன அறை. அதுல படம் மாட்டணும், படத்துக்குக் கீழ ஒரு தாள் மாட்டணும். நானே எழுதிக் கொண்டு வந்திருக்கேன். ஒரே வரி. ஒரே கையெழுத்து. அடிச்சது விமானம்னு சொல்றாங்க, போர்னு சொல்றாங்க, விதின்னு சொல்றாங்க. விமானத்தையா கூப்பிட்டுக் கேக்க முடியும்? ஒரு ஆள் வேணும்மா எனக்கு. நாப்பது வருஷமா தேடறேன், ஒரு ஆள்.

— சார், கண்ணு தெரியாத மனுஷியைக் கொண்டுபோய் சுவத்துல மாட்டப் போறீங்களா?

— சும்மா இருடி. போடறேன் ஐயா. பேனா கொடுங்க, எந்த இடம்னு விரலை வெச்சுக் காட்டுங்க.

— மறுக்க மாட்டீங்களா?

— எதை மறுக்கறது? என் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

— அப்ப ஒண்ணு கேக்கணும். அதைக் கேக்காம நான் பஸ் ஏற மாட்டேன். நூத்தி எழுபத்தியொரு பேர் உள்ள இருக்காங்க. அடுப்பு எரியுது, கிழவன் இருமறான், பிள்ளை அழுவுது. காலின்னு எப்படிம்மா எழுத வந்துது?

— அழுகை படத்துல தெரியாதே ஐயா. அடுப்புப் புகை தெரியும், ஆனா நாங்க படம் எடுக்கிறது மத்தியான வெயில்ல. மனுஷங்க தெரியவே மாட்டாங்க, விமானச் சத்தம் கேட்டாலே உள்ள ஓடிடுவாங்க. அதனால நான் துணியைப் பார்ப்பேன்.

— எதை?

— கொடியில துணி. ஆள் ஓடுவாங்க. துணி ஓடாது. மேலேயிருந்து பார்த்தா பொடியரிசி சிந்தின மாதிரி இருக்கும். துணி காயுதுன்னா அங்க ஒருத்தி இருக்கா, துவைக்கிறா, சாயங்காலம் வந்து எடுத்து மடிப்பா. இது எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்ல, நானா கண்டுபிடிச்சது. அந்த அறை முழுக்க ஆம்பளைங்க, அவங்க கண்ணுக்கு அது படவே இல்ல. உங்க குடியிருப்பை மொத்தம் மூணு தடவை பார்த்தேன். முதல் தடவை முற்றம் முழுக்கத் துணி, திருவிழா மாதிரி. 'ஆள் உண்டு, ஏராளம்'னு எழுதினேன். அடிக்கிற திட்டத்தை ஒத்திப் போட்டாங்க.

— ஒத்திப் போட்டாங்களா?

— ஆமா. ஆள் இருந்தா ஆலையை மட்டும் தாழப் பறந்து அடிக்கணும், அவங்களுக்கு அது ஆபத்து. காலியா இருந்தா உயரத்துல இருந்தே எல்லாத்தையும் சேர்த்துக் கொட்டிட்டு வந்துடலாம். அஞ்சு வாரம் கழிச்சு ரெண்டாவது படம். நல்ல வெயில். ஒரு முற்றத்துலயும் துணி இல்ல. எனக்குத் திக்குனு ஆயிடுச்சு. என்னய்யா ஆச்சு உங்க ஊருக்கு அந்த அஞ்சு வாரத்துல?

— அஞ்சு வாரமா?

— சார்? அக்கா கேக்கிறா. ஏன் எழுந்துட்டீங்க? தண்ணி கொண்டு வரவா?

— உத்தரவு வந்துது. வெள்ளைத் துணி வெளியில காயக் கூடாதுன்னு. மேலேயிருந்து பளிச்சுன்னு தெரியும், விமானத்துக்கு வழி காட்டின மாதிரி ஆயிடும்னு. ராத்திரி விளக்கு கூடாது, பகல்ல துணி கூடாது. மீறினா ரேஷன் வெட்டு. ஊர்க்காவல்காரங்க வீடு வீடாப் போய்ச் சொன்னாங்க.

— அட கடவுளே. வெள்ளை தெரிஞ்சதாலதானேய்யா விட்டு வெச்சிருந்தோம்!

— எங்களுக்கு எப்படிம்மா தெரியும்?

— எங்களுக்கும் எப்படித் தெரியும்?

— ரெண்டு ஊர்லயும் புத்திசாலிங்க மட்டும் இல்லாம இருந்திருந்தா அத்தனை பேரும் பொழைச்சிருப்பாங்க. என்னமோ போ. துணியை எங்கதான் காய வெச்சாங்க சார்?

— உள்ள. அடுப்புக்கு மேல கயிறு கட்டி. காயவே காயாது. புகை வாடை அடிக்கும். குழந்தைக்கு அதுலயே இருமல் பிடிச்சுது.

— இருங்கய்யா, நான் முடிக்கல. ரெண்டாவது படத்துல துணியே இல்லன்னு சொன்னேன்ல, அது தப்பு. ஒரு வீட்டுல இருந்துது. கிணத்துக்குக் கிழக்கால வரிசை, ஏழாவது முற்றம். நாலு வெள்ளைப் புள்ளி.

— ஏழாவதா?

— ஏழாவது. நாலும் ஒரே அளவு, ஒரே இடைவெளி. வேட்டி அப்படி இருக்காது, புடவை அப்படி இருக்காது. கைக்குழந்தைத் துணி. ஊரே காலி, ஒருத்தி மட்டும் பச்சைக் குழந்தையோட போகாம இருக்கான்னு நெனைச்சேன். 'காலி இல்லை, இன்னொரு படம் வேணும்'னு எழுதினேன். அதிகாரி சிரிச்சார். நாலு கோவணத்துக்காக ஒரு விமானியைச் சாகக் கொடுக்கவான்னு கேட்டார். நான் விடல. அழுதேன்னு கூட வெச்சுக்குங்க. மறுநாள் மத்தியானம் அனுப்பினாங்க.

— அக்கா...

— மூணாவது படம் ஈரம் சொட்டச் சொட்ட என் மேசைக்கு வந்துது. மறுபடி நல்ல வெயில். நான் வேற எதையும் பார்க்கல, நேரா ஏழாவது முற்றத்துக்குப் போனேன். கொடி இருந்துது. துணி இல்ல. பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டுல, அப்படி ஒரு வெயில்ல துணி காயலன்னா என்ன அர்த்தம்? அவளும் போயிட்டா. குழந்தையைத் தூக்கிட்டுத் தப்பிச்சுட்டா. அப்படித்தான் நெனைச்சேன். 'காலி'ன்னு எழுதினேன்யா. சந்தோஷமா எழுதினேன்.

— அதுக்குத்தானா... அதுக்குத்தான் நீ மழையிலயும் இந்தக் கந்தலைத் தொங்க விடறே?

— மேலேயிருந்து எவளாவது பார்த்தா இங்க ரெண்டு பேர் இருக்கோம்னு தெரியணும்லடி.

— சொல்லியிருக்கலாம்ல பாவி. நானும் சேர்ந்து தொங்க விட்டிருப்பேனே.

— எனக்கு ஒண்ணுதான் இன்னும் புரியல ஐயா. அந்த உத்தரவுக்கே பயப்படாம அவ துணி போட்டா. மறுநாள் மட்டும் ஏன் போடல? பேனா எங்க? இந்தத் தாளா? சின்னவளே, என்ன எழுதியிருக்குன்னு படி. படிச்சுட்டுத்தான் போடணும்.

— 'குடியிருப்பில் ஆள் இல்லை என்று குறித்தவள் நான்.' இவ்வளவுதான். கீழ கோடு போட்டிருக்கு. இங்க, என் விரல் இருக்கிற இடம்.

— போட்டாச்சு. கோணலா இருக்கா?

— கோணலாத்தான் இருக்கு. இந்தாங்க சார். சார், எடுத்துக்குங்க. ஏன் சார் வாங்க மாட்டேங்கறீங்க?

— ஊர்க்காவல்ல எனக்குப் புதுசா கையில பட்டை கட்டிவிட்டிருந்தாங்கம்மா, சங்கு ஊதற வேலையும் கொடுத்து. தெருவே ஒளிச்சு வெச்சப்புறம் அந்த ஏழாவது முற்றத்துல, என் வீட்டுல மட்டும் தொங்கினா ஊர் என்ன பேசும்? 'காத்து படாம பிள்ளைக்கு இருமுது, இன்னைக்கு ஒரு நாள் காயட்டும்'னு என் பொண்டாட்டி கெஞ்சினா. விதின்னா விதின்னு சொன்னேன். அந்தத் தாள் உங்க கையிலயே இருக்கட்டும். இன்னொரு வரி எழுதணும். 'ஏழாவது முற்றத்தில் நாலு துணியைக் கொடியிலிருந்து உருவி அவள் முகத்தில் எறிந்தவன் நான்'னு எழுதுங்க, கையெழுத்து நான் போடறேன்.