சன்னல் பக்கத்துக் காகிதப்பூ

செம்பருத்தியை எவ்வளவு ஒட்ட வெட்டினாலும் அது கோபித்துக்கொள்ளாது. இதைப் பலர் நம்புவதில்லை. முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் கொஞ்ச நாள் மொட்டைக் குச்சியாக நின்று நம்மைப் பயமுறுத்தும். பிறகு கணுவுக்குக் கணு துளிர்த்து முன்னைவிடப் பெரிதாகப் பூக்கும். வெட்டாமல் விடுவதுதான் கெடுதல். உள்ளே காற்று புகாது, மாவுப்பூச்சி அடையும், பூ மட்டும் கை எட்டாத உயரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நீங்கள் கேட்டது இதையல்ல என்று தெரியும், இன்ஸ்பெக்டரம்மா. ஆனால் இங்கேயிருந்து ஆரம்பித்தால்தான் மற்றது புரியும். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதாக என் மகள் உங்களிடம் சொல்லியிருப்பாள். அப்படியெல்லாம் இல்லை. நான் தையல்காரி. அளவு பார்த்து வெட்டுவதுதான் என் தொழில்.

என் வீட்டுக்காரர் நல்லவர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். குடி கிடையாது. கை நீட்டினது கிடையாது. குரல் உயர்த்திப் பேசினதுகூடக் கிடையாது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. வெயிலே எட்டிப் பார்க்காத பின்னறையில், டியூப்லைட்டுக்குக் கீழே ஆயுசைக் கழித்தவர். வேலையை விட்டதும், கண்ணுக்குப் பச்சையாக எதையாவது பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும் என்றார். நியாயமான ஆசைதான். நானும் கூடவே போய் நர்சரியில் செடி வாங்கி வந்தேன். வாசல் ஓரம் செம்பருத்தி. அதை ஒட்டி வெட்சி. மூலையில் நந்தியாவட்டை. வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்தில், என் தையல் அறைச் சன்னலுக்கு நேர் கீழே, காகிதப்பூ.

வைத்தபோது எல்லாம் கைக்குழந்தை மாதிரிதான் இருந்தன. வளர்ந்த பிறகுதான் வீடு யாருடையது என்கிற கேள்வி வந்தது. வாசல் கேட்டைப் பாதிதான் திறக்க முடியும். அரிசி மூட்டை வந்தால் பக்கவாட்டில் திருப்பித்தான் உள்ளே கொண்டுவர வேண்டும். கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவர் தெருவில் நின்றபடியே, "போன தடவை வந்ததையே போட்டுக்கறேன்மா" என்று போய்விடுவார். காகிதப்பூ சந்து முழுவதையும் அடைத்து, சன்னலை அடைத்து, ஓட்டு மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. அதன் முள் எவ்வளவு நீளம் தெரியுமா? கோணி ஊசியைப் போல இருக்கும். இதோ, கையைப் பாருங்கள்.

"கொஞ்சம் வெட்டி விடுங்களேன்" என்பேன்.

"இப்பப் பூ இருக்கே" என்பார். "முடியட்டும்."

காகிதப்பூவுக்கு எப்போது முடியும்? ஒரு பக்கம் உதிரும்போதே மறுபக்கம் பூக்கிற ஜாதி அது. செம்பருத்தி தினமும் பூக்கும். வெட்சிக்கு ஓய்வே கிடையாது. அவர் மாட்டேன் என்று சொன்னதே இல்லை. மாட்டேன் என்றிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். முடியட்டும் என்பவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

என் மிஷின் அந்தச் சன்னலோரம்தான் இருக்கிறது. பள்ளிக்கூடச் சீருடை, திரைச்சீலை, தலையணை உறை என்று வருவதைத் தைப்பேன். பகலிலேயே விளக்குப் போட்டுத் தைக்கிற நிலைமை வந்தது. ஒருமுறை கருநீலச் சீருடை முழுவதையும் கறுப்பு நூலில் தைத்துவிட்டேன். பிள்ளையின் தாயார் வெயிலில் கொண்டுபோய் விரித்துக் காட்டியபோதுதான் எனக்கே தெரிந்தது. அந்தம்மா துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு வரவே இல்லை. அந்தம்மா சொல்லி இன்னும் சிலரும் வரவில்லை.

அன்றைக்கு இவரிடம் அழுதேன். நான் அழுகிற ஆள் இல்லை. உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மறுநாள் பழைய கடைக்குப் போய், எனக்காகவே உட்கார்ந்து தேய்த்து, முன்பைவிடப் பவர் கூடின கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். "இதப் போட்டுக்க. பளிச்சுன்னு தெரியும்" என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

நான் வெளிச்சம் கேட்டேன். அவர் கண்ணாடி கொடுத்தார். நீங்கள் சிரிக்கலாம். என் மகளும் ஃபோனில் சிரித்தாள். "அப்பாவுக்கு இப்ப அதுங்கதாம்மா பிள்ளைங்க. விட்டுடும்மா" என்றாள். அவள் வீட்டில் மூன்று பக்கமும் சன்னல்.

தோட்டக்காரர் ஒருவரை நானே பேசி வரவழைத்தேன். நான் கடைக்குப் போய்விட்டுத் திரும்புவதற்குள் இவர் அந்த ஆளுக்கு டீ போட்டுக் கொடுத்து, ஒவ்வொரு செடியாகக் காட்டி, முதுகில் தட்டி அனுப்பிவிட்டார். "நல்ல மனுஷர். செடி நல்லா வந்திருக்குன்னு சொல்லிட்டுப் போறார்" என்றார். இன்னொரு நாள் பொறுக்க முடியாமல், இவர் குளிக்கப் போன நேரத்தில் சன்னலை அடைத்த கொப்பு ஒன்றை நானே வெட்டினேன். வந்து பார்த்தார். திட்டவில்லை. வெட்டின இடத்துக்கு மெழுகு தடவி, பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டுப் போட்டார். அடிபட்ட விரலுக்குப் போடுகிற மாதிரி. பிறகு வெகுநாள் என்னோடு பேசவில்லை. செடிகளோடு பேசினார். தெருவே கேட்கும். கத்தரியை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டார். நீளப்பிடி போட்ட வேறொரு கத்தரி வாங்கி மிஷினுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். உபயோகிக்கவில்லை. சும்மா காலில் பட்டுக்கொண்டிருந்தாலே ஓர் ஆறுதல்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

முன்தினம் அடித்த காற்றில் காகிதப்பூவின் பெரிய கொப்பு ஒன்று ஓட்டிலிருந்து சரிந்து தொங்கியது. சாப்பிட்டுவிட்டு, கயிறும் முக்காலியும் எடுத்துக்கொண்டு சந்துக்குள் போனார். தூக்கிக் கட்டப் போனாரே தவிர வெட்டப் போகவில்லை. நான் திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். முக்காலி சாய்ந்த சத்தம் கேட்டது. அதன் மேல் மனுஷர் விழுந்த சத்தம். அதற்கும் மேல், சரசரவென்று, கொப்பு மொத்தமும் இறங்கின சத்தம். சன்னலில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், முதலில் நான் கவனித்தது அதைத்தான்.

"கேக்குதா?" என்றார் உள்ளேயிருந்து.

"கேக்குது."

"விழுந்துட்டேன். இடுப்புல என்னமோ ஆயிடுச்சு. காலை அசைக்க முடியல."

கத்தரியை எடுத்துக்கொண்டு போனேன். ஆமாம், போனேன். சந்து வாயில் நின்று பார்த்தால் அவருடைய ஒரு செருப்புதான் தெரிந்தது. மற்றதெல்லாம் பூ. கையை விட்டு விலக்கப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் கிழித்துவிட்டது.

"வெட்டாம உள்ள வர முடியாதுங்க. வெட்டட்டுமா?"

"வெட்டாத. ஓரமா ஒதுக்கிட்டு வாயேன்" என்றார்.

அதை எப்படிச் சொன்னார் என்று உங்களுக்குக் காட்ட முடிந்தால் நன்றாக இருக்கும். கெஞ்சலாகச் சொல்லவில்லை. எப்போதும் போல, எனக்கு ஒரு சின்ன விஷயம் புரியவில்லை, அவருக்குப் புரிகிறது என்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னார். என்னுள்ளே ஏதோ ஒன்று மெதுவாக உட்கார்ந்தது. கோபம்கூட இல்லை.

"அப்ப இருங்க" என்றேன். உள்ளே வந்து கையைக் கழுவி, மஞ்சள் மருந்து போட்டுக்கொண்டு, திரைச்சீலையின் மிச்ச ஓரத்தை அடித்தேன். அன்றைக்கே கொடுக்க வேண்டிய வேலை அது.

கூப்பிட்டார். கூப்பிடவில்லை என்று சொல்லவே மாட்டேன். ஆனால் அவர் குரலே அவ்வளவுதான். விலாவிலும் அடிபட்டிருந்தது போலிருக்கிறது, மூச்சு இழுத்துக் கத்த முடியவில்லை. அத்தனை இலைக்குள் யார் குரலும் அமுங்கித்தான் போகும். பக்கத்து வீட்டு டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கேட்டில் நின்றாள்.

"என்னக்கா, சார் குரல் மாதிரி கேக்குதே?"

"செடிகிட்டப் பேசிட்டிருக்கார்."

"இன்னிக்கு ரொம்ப நேரமாவா?"

"இன்னிக்குக் கொஞ்சம் அதிகந்தான்."

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மகள் ஃபோன் செய்து அப்பா எங்கே என்று கேட்டபோது, தோட்டத்தில் இருக்கிறார் என்றேன். அதில் என்ன பொய்?

பொழுது சாய்வதற்குள் மறுபடி போய்க் கேட்டேன். "வெட்டட்டுமா?" அவர் யாரையாவது கூப்பிடச் சொன்னார். டீச்சரைக் கூப்பிடு, டாக்டரைக் கூப்பிடு என்றார். நான் கேட்டது அதையல்ல. யார் வந்தாலும் வெட்டித்தானே ஆக வேண்டும், நீங்கள் சரியென்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். மறுபடியும் டாக்டர் என்றார். செடிகளுக்குத் தண்ணீர் விடுகிற நேரம் ஆகியிருந்தது. குழாயைத் திறந்து அந்தப் பக்கமும் நன்றாக நனையும்படி பிடித்தேன். அவர் குடித்த சத்தம் கேட்டது. நான் ஈரமில்லாதவள் என்று பேப்பரில் போட்டிருக்கிறார்களாம். இந்தத் தண்ணீர் விஷயத்தை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

விடிந்ததும் போனேன். நான் கேட்பதற்கு முன்னாலேயே அவரே சொன்னார்.

"வெட்டு."

"என்ன சொன்னீங்க?"

"வெட்டிடு. எல்லாத்தையும் வெட்டிடு."

பூவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எத்தனையோ காலமாக நான் காத்திருந்த வார்த்தை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "இதோ வந்துட்டேங்க" என்றேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு ஆரம்பித்தேன்.

வாசல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.

இங்கேதான் நீங்கள் எல்லோரும் முகத்தைச் சுளிக்கிறீர்கள். நேற்று வந்த அதிகாரியும் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எல்லாவற்றையும் வெட்டு என்றால் ஒரு முறை இருக்கிறதல்லவா? சந்துக்குள் முதலில் வெட்டினால் அந்த முள்ளையெல்லாம் எங்கே இழுத்துப் போடுவது? வாசல் வழி முதலில் திறந்தாக வேண்டும். செம்பருத்தியை முழங்கால் உயரத்துக்கு இறக்கினேன். காய்ந்த குச்சிகளை அடியோடு எடுத்தேன். ஒவ்வொரு வெட்டும் சாய்வாக, கணுவுக்குச் சற்று மேலே, தண்ணீர் தங்காதபடி. பிறகு வெட்சி. அதைப் பந்து மாதிரி உருட்டி விட்டேன். துணி வெட்டிப் பழகின கை, கோணல் வராது.

அவருக்குக் கத்தரிச் சத்தம் கேட்டிருக்கிறது. "இங்க வா, இங்க" என்றார். "வரேங்க, வரிசையா வரேன்" என்றேன். நந்தியாவட்டைக்கு வந்தபோது இன்னொரு தடவை கூப்பிட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கல்யாணமான புதிதில் அப்படிக் கூப்பிட்டது. டீச்சர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "அக்கா, வீடே புதுசாட்டம் இருக்கே. சார் எப்படி ஒத்துக்கிட்டார்?" என்றாள். "அவரே சொல்லிட்டார்" என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அவள் வாழ்த்துச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

வெட்டினதையெல்லாம் கட்டுக் கட்டாகக் கட்டி வெளியே வைத்து, வாசலைக் கூட்டி, ஒரு டீ குடித்துவிட்டுச் சந்துக்கு வந்தேன். காகிதப்பூவை நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் முள் உள்ளே இருப்பவரைக் கிழிக்கும். அதனால் நிதானமாக எடுத்தேன். கடைசிக் கொப்பை விலக்கியபோது வெயில் நேரே அவர் முகத்தில் விழுந்தது. கண் திறந்துதான் இருந்தது. சிமிட்டவில்லை. அந்த வெயில் அப்படியே சன்னல் வழியாக என் மிஷின் வரைக்கும் போயிருந்தது.

விடிகாலையிலேயே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். வாசல் பக்கம் வேலை செய்யும்போது எனக்கும் அது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் செம்பருத்திக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன். தெரிந்துதான் வெட்சியை உருட்டினேன். மறைக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் அவர் பேச்சை மீறினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். வெட்டாதே என்றார், வெட்டவில்லை. வெட்டு என்றார், வெட்டினேன். நாங்கள் இரண்டு பேரும் மனம் ஒத்துச் செய்த காரியம் என்று சொன்னால், எங்களுக்கு அது ஒன்றுதான்.