இன்னும் நாலு கிலோ

சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் தேநீருக்கு நின்ற வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். கழுத்தில் அலுவலக அட்டை தொங்கியவர் சொன்னார்:

“தம்பிக்கு கிட்னி குடுக்க எனக்கு இன்னும் நாலு கிலோ குறையணும்னு டாக்டர் சொல்றாரு, அக்கா.”

நரைத்த தலைக்காரர் திரும்பினார். “போன மாசமே முடிஞ்சிரும்னு சொன்னியே?”

“அது போன்ல இருக்குற டயட் ஆப் போட்ட கணக்கு. தினம் ஐநூறு கலோரி குறைச்சா வாரத்துக்கு அரை கிலோ இறங்கும்னுச்சு. மொத ரெண்டு மாசம் இறங்குச்சு. இப்ப அசையவே மாட்டேங்குது.”

“சாப்பிடுறதை ஒழுங்கா எழுதுறியா?”

“தொட்டுக்குற சம்பல் வரைக்கும் எழுதுறேன் லா. டயட்டீஷியன்கிட்ட கேட்டேன். உடம்பு இளைக்க இளைக்க அதுக்குத் தேவைப்படுறதும் குறையுமாம். ஆப் இன்னும் என் பழைய உடம்புக்கே கணக்குப் போட்டுக்கிட்டிருக்கு.”

“அப்ப எப்பதான் முடியும்?”

“தெரியல. அவன் வாரம் மூணு நாள் டயாலிசிஸ்ல கிடக்குறான். தேதி தெரியலன்னு நான் விட்டுட முடியுமா? நாளைலேர்ந்து ஆபீஸுக்கு நடந்தே போகப்போறேன்.”

அவர் முறை வந்தது. பாலும் சீனியும் இல்லாமல், “தே ஓ கோசோங், ஒண்ணு,” என்றார். அதற்குள் கைப்பேசி ஒலித்தது.

“சொல்லுடா தம்பி... உனக்காகப் பட்டினியெல்லாம் கிடக்கலடா, சாப்பிட்டேன். ரெண்டு பரோட்டா.”