எரியாத கொட்டகையை இடித்தவர்களுக்கு

அவைக்குத் தலைமையேற்று, என்னைப் போன்றவனிடமும் ஒலிபெருக்கியைத் தரத் துணிந்த தலைமையாசிரியை அவர்களே! அறுபதாண்டு விழாக் காணும் தீயணைப்பு நிலையத்தின் தீரர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! மடியில் மழலைகளோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! இந்த மரக்கடைக்காரனின் வணக்கம்.

இந்த நிலையம் எங்கே பிறந்தது? மாளிகையிலா? மண்டபத்திலா? ஒரு தகரக் கொட்டகையில்! ஒரு கைப்பம்பு, எட்டு ஆட்கள். எட்டில் ஒருவர் முடிதிருத்துபவர். மணியடித்தால் கத்தியைப் போட்டுவிட்டு ஓடுவார். ஒருநாள் பாதி மீசையோடு நாற்காலியில் கிடந்தவர் கத்தினாராம்: "நீ போய்ட்டு வாய்யா, மீசை எங்க போயிடப் போகுது!" சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். அந்தப் பாதி மீசைக்காரர் என் அப்பாதான்!

அன்றிலிருந்து எத்தனை எத்தனை! கிணற்றில் விழுந்த பசுவைக் கரையேற்றியது யார்? வெள்ளத்தில் மொட்டைமாடியில் தவித்தவர்களைக் கயிறு கட்டி இறக்கியது யார்? வீங்கிய விரலில் இறுகிய மோதிரத்தை நோகாமல் நறுக்கி எடுத்தது யார்? இவர்கள்! இவர்களே!

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு நடுப்பகல். என் கடைக்குத் தெற்கே இருந்த மெத்தைக்கடை பற்றிக்கொண்டது. வடக்கே பிரசவ ஆஸ்பத்திரி. நடுவில் என் மரக்கொட்டகை. காற்றோ வடக்கு நோக்கி வீசுகிறது. நிலைய அலுவலர் ஓடிவந்தார்.

"அண்ணே, கொட்டகைய இடிக்கணும். தள்ளிக்குங்க."

"என் கடை எரியலையே சார்! எரியறத விட்டுட்டு இத எதுக்கு இடிக்கறீங்க?"

"இது பத்திக்கிட்டா ஆஸ்பத்திரிக்குத் தாவிடும்ணே. உள்ள பதினோரு பச்சக் கொழந்தைங்க. ஆபரேஷன் முடிஞ்சு எழுந்திரிக்க முடியாம நாலு பேர் கெடக்கறாங்க."

நான் என்ன செய்தேன்? அவர் சட்டையைப் பிடித்தேன். "நாசமாப் போவ!" என்று நடுத்தெருவில் சபித்தேன். அதோ, என் மனைவி 'அதெல்லாம் இப்ப எதுக்கு' என்று கையசைக்கிறாள். சொல்லித்தான் ஆகணும்மா!

அவர் என் விரல்களை மெல்ல விலக்கிவிட்டு வேலையில் இறங்கினார். அரைமணியில் கொட்டகை தரைமட்டம், மரமெல்லாம் மறுதெருவில். சீறி வந்த நெருப்பு அந்த வெற்றிடத்தில் நின்றது, நெளிந்தது, நீரில் அவிந்தது. சுவருக்கு அப்பால் பால் குடித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை வாயைக்கூட எடுக்கவில்லை என்று பிறகு நர்சம்மா சொன்னார்.

அப்போதும் என் மனம் ஆறவில்லை. வழியில் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மூன்றாவது வாரம், விடுமுறைக் காலையில், வீட்டுடையில் ஐந்து பேர் வந்து நின்றார்கள். முன்னால் அவர், கையில் சுத்தியலோடு.

"நீங்க எதுக்கு சார்?"

"பிரிச்சவங்க நாங்கதானே அண்ணே. ஏணியப் புடிங்க."

எந்த ஆணை அனுப்பியது அவர்களை? எந்தச் சட்டம் சொன்னது? ஆறு விடுமுறை நாள்கள்! இடித்த கைகளே எழுப்பித் தந்த கூரையின் கீழ்தான் இன்று என் பிழைப்பு நடக்கிறது.

நிலைய அலுவலர் ஐயா, ஆறு நாளும் உங்களோடு ஆணியடித்தேன். மன்னிப்புக் கேட்க மட்டும் நா எழவில்லை. நடுத்தெருவில் திட்டியவன் நாலு சுவருக்குள் மன்னிப்புக் கேட்டால் நியாயமாகுமா? ஆகாது! ஊரறியச் சபித்தவன், ஊரறியக் கைகூப்புகிறேன். என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐயா, எழுந்து வராதீர்கள், நீங்கள் அமர்ந்தே இருங்கள். நிற்க வேண்டியவன் நான்.

உங்கள் அனைவருக்கும் என் நன்றி, என் வணக்கம்!