மண் நல்லா இருக்காம்

– திருப்பிப் பாருங்கம்மா.

– மூணு தடவை பார்த்தாச்சு ஐயா.

– நாலாவது தடவை பாருங்க. உங்க மெஷினுக்கு என்ன, காலா வலிக்கப் போகுது?

– மெஷினுக்கு வலிக்காது. எனக்கு வலிக்குது. காலைலேர்ந்து இந்த ஜன்னல்ல உங்களுக்கு முன்னாடி பதினோரு பேர்...

– பதினோரு பேருக்கும் இப்படித்தான் வாய்க்கு வந்ததை எழுதிக் குடுத்தீங்களா?

– சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை நிதானமா படிச்சீங்களா?

– கண்ணாடி கொண்டு வரல.

– அப்ப நான் படிக்கிறேன். கரிமம் புள்ளி எட்டு நாலு. அதாவது மண்ணுக்கு உசிரு அதுதான், அது உங்க மண்ணுல நிறையவே இருக்கு. தழைச்சத்து போதும். மணிச்சத்து போதும். உப்பு இல்லை. இந்த வருஷம் இந்த ஜன்னல் வழியா நான் குடுத்ததுலயே நல்ல சீட்டு இதுதான் ஐயா.

– பொய்.

– எது பொய்?

– மொத்தமும்.

– மண்ணு மோசம்னு வந்தா சண்டை போடுவாங்க, பார்த்திருக்கேன். போன மாசம் ஒருத்தர் பையை அவுத்து என் மேசையிலயே கொட்டிட்டுப் போனாரு. மண்ணு நல்லா இருக்குன்னு சொன்னதுக்காகச் சண்டைக்கு வர்ற முதல் ஆளு நீங்கதான்.

– முப்பத்தியாறு வருஷமா சோளம் போடுறவன்மா நான். ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தா எனக்குத் தெரியும். நீங்க ஒரு கரண்டி மண்ணை எடுத்து, கண்ணாடிக் குடுவையில போட்டு ஆட்டிட்டு, நாலு ஏக்கருக்கு ஜாதகம் எழுதுறீங்க.

– அந்தக் கரண்டி மண்ணு நீங்க குடுத்ததுதானே? எத்தனை இடத்துல எடுத்தீங்க?

– பத்து.

– வரப்போரம்? மரத்தடி? எரு கொட்டி வச்ச இடம்?

– அங்கெல்லாம் ஏன் எடுக்கிறேன்? வளைஞ்சு வளைஞ்சு நடந்து எடுத்தேன். மேல் குப்பையை ஒதுக்கிட்டு, ஒரு சாண் ஆழம் குழி வெட்டி, ஓரத்தைச் சீவி எடுத்து, எல்லாத்தையும் கலந்து, நாலாப் பிரிச்சு, எதிர் மூலை ரெண்டைத் தள்ளி... உங்க நோட்டீஸ்ல போட்டிருக்கிற மாதிரியே.

– உரச்சாக்குல கொண்டு வந்தீங்களா? அதுல கொண்டு வந்தா கணக்கு எகிறிடும்.

– புதுத் துணிப்பை. வீட்டுக்காரி தைச்சுக் குடுத்தா. எதுக்குன்னு கேட்டா, சொல்லல. அதுக்கு ரெண்டு நாளா எனக்குச் சோறு மட்டும்தான், பேச்சு கிடையாது.

– எங்க ஆளுங்களே இவ்வளவு ஒழுங்கா எடுக்க மாட்டாங்க ஐயா... ஆமா, என்னமோ சொன்னீங்களே. மேல் குப்பையா?

– என்ன?

– மேல் குப்பையை ஒதுக்கினேன்னு சொன்னீங்க. படிவத்துல ‘வருஷத்துக்கு அஞ்சு சால் உழவு, தட்டை எரிப்பு’ன்னு எழுதியிருக்கீங்க. அஞ்சு சால் ஓட்டி, அறுத்த தட்டையையும் கொளுத்துற நிலத்துல மேல் குப்பை ஏது?

– காத்துல வந்து விழுந்திருக்கும்.

– பைக்குள்ள பாதி மக்கின சோளத்தட்டை கிடந்துச்சு. பயத்தங்கொடி வேரு, முடிச்சு முடிச்சா. ஒரு மண்புழு வேற, உசிரோட. இதெல்லாம் காத்துல பறந்தா வந்துச்சு?

– நீங்க மண்ணு பார்க்கிறவங்களா, போலீஸா?

– ரெண்டுக்கும் ஒரே சம்பளம்தான். சொல்லுங்க ஐயா.

– நான் ஒண்ணு கேக்குறேன், முதல்ல அதுக்குப் பதில் சொல்லுங்க. இருபது வருஷம் முந்தி இதே ஜன்னல்ல ஒருத்தர் உக்காந்திருந்தாரு. சிவப்பா, ஒல்லியா. ‘ஆழ உழு, தட்டையைக் கொளுத்து, உரத்தை மூட்டையா போடு’ன்னாரு. செஞ்சேன். ஒரு எழுத்து விடாம செஞ்சேன். ஊர்ல முதல்ல செஞ்சவனே நான்தான். இப்ப உங்க நோட்டீஸ்லயே உழாதே, கொளுத்தாதேன்னு போட்டிருக்கீங்க. அந்த ஆளு எங்கே?

– அவர் ரிட்டையர் ஆயிட்டாரு.

– மண்ணு ரிட்டையர் ஆகலையேம்மா.

– அன்னைக்கு அவங்களுக்குத் தெரிஞ்சதைச் சொன்னாங்க ஐயா.

– தெரியாததை யாரு சொல்லுவா? அன்னைக்கும் இதே மாதிரி ஒரு சீட்டு. இதே மாதிரி ஒரு முத்திரை. சீட்டு நிறம்தான் மாறியிருக்கு. முதல் அஞ்சு வருஷம் ஏக்கருக்கு முப்பது மூட்டை கண்டேன்மா. ஊரே என் களத்துல வந்து நின்னுச்சு. அப்புறம் இருபத்தஞ்சு. அப்புறம் இருபது. போன போகம் பதிமூணு. உரம் கூட்டக் கூட்ட மூட்டை குறையுது. மழை பெஞ்சா தண்ணி உள்ள இறங்காம, சிமெண்டு தரை மாதிரி மேலயே நிக்குது.

– பதிமூணு மூட்டை எடுக்கிற மண்ணுல புள்ளி எட்டு நாலு வராது ஐயா. இது யாரு மண்ணு?

– சீட்டைக் குடுங்க, நான் போறேன்.

– ஐயா...

– தம்பி மண்ணு.

– கூடப் பொறந்தவரா?

– கூடப் பொறந்து, எதிர்ல நிக்கிறவன். அப்பா வச்சுட்டுப் போன எட்டு ஏக்கர், நடுவுல ஒரு வரப்பு. அந்தப் பக்கம் அவன். எட்டு வருஷமா கலப்பையே தொடல. அறுத்த தட்டையை அப்படியே படுக்கப் போட்டு, நடுவுல பயறு தூவுறான். வயலைப் பார்த்தா ஒரு வாரம் சவரம் பண்ணாத மூஞ்சி மாதிரி இருக்கும். கேட்டா, உழுதா மண்ணுக்கு வலிக்குமாம். எனக்கு முப்பது வருஷமா இடுப்பு வலிக்குது, ஒருத்தன் கேக்கல.

– அவருக்குத் தெரியாமயா எடுத்தீங்க?

– விடியக்காலம் போனேன். அவன் நாய் குரைக்கும்னு பயந்தேன். அது வாலாட்டிக்கிட்டு பத்துக் குழிக்கும் கூடவே வந்துச்சு, சாட்சி மாதிரி. என் கையால சோறு தின்னு வளர்ந்த நாய். நாய் எங்க சண்டையில கட்சி சேரல.

– அதை உங்க பேர்ல குடுத்து... ஏன் ஐயா?

– அவன் பேர்ல குடுத்தா சீட்டு அவன் வீட்டுக்குப் போயிடும். ரெண்டு வருஷத்துக்கு முந்தி, பங்காளிங்க அத்தனை பேரும் இருக்கிறப்ப கேட்டான்மா. ‘அண்ணே, ஒரே ஒரு போகம் உன் பாதியையும் உழாம விடு, நான் பார்த்துக்கிறேன்.’ எனக்கு வந்ததே ஆத்திரம். ‘உன் மண்ணு என் மண்ணைவிட ஒரு பொட்டு ஒசத்தின்னு எவனாவது எழுதிக் குடுத்தா, கலப்பையைக் கழட்டி உன் வாசல்ல போடுறேன்டா’ன்னு சொல்லிட்டேன். அன்னைக்கோட பேச்சு நின்னு போச்சு.

– இப்ப நான் எழுதிக் குடுத்துட்டேன்.

– அதான் திருப்பிப் பாருங்கன்னேன். நாளைக்குக் காலைல உழவு. வண்டிக்குச் சொல்லியாச்சு.

– உங்க மண்ணையும் கொண்டு வாங்களேன். அதையும் பார்த்தாத்தானே ஒப்பிட முடியும்?

– அதெல்லாம் வேணாம்.

– பயமா?

– எனக்கென்ன பயம். நேரமில்ல.

– ஐயா... நான் ஒண்ணு சொல்லணும். சொல்லக்கூடாதுன்னு வாக்கு குடுத்திருக்கேன்.

– அப்ப சொல்லாதீங்க.

– உங்க தம்பி இங்க வந்தாரு. பதினஞ்சு நாள் இருக்கும். படிவத்துல அதே அப்பா பேரு, அடுத்த நிலத்து எண்ணு. மூக்கு கூட அதே மூக்கு. அவர் பேர்ல ஒரு பை குடுத்தாரு. சீட்டு வாங்கினதும் அந்த பெஞ்சுல ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. அப்புறம் எழுந்து வந்து சொன்னாரு, அது அவர் மண்ணு இல்ல, அண்ணன் மண்ணுன்னு.

– எவ்வளவு?

– ஐயா, அது...

– எவ்வளவு வந்துச்சு? சொல்லுங்க.

– புள்ளி ரெண்டு ஒண்ணு.

– ரெண்டு ஒண்ணு.

– சரி பண்ணலாம் ஐயா. நாலஞ்சு வருஷம் ஆகும், ஆனா பண்ணலாம்... பந்தயத்துல ஜெயிச்சவர் மாதிரியே இல்ல அவரு. சீட்டை நாலாக் கிழிச்சு சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. ‘எங்கண்ணன் எப்பவாவது மண்ணு கொண்டு வந்தா மெஷின் ரிப்பேர்னு சொல்லி அனுப்பிடுங்க. நான் எடுத்தது அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாரு’ன்னாரு. நானும் சரின்னேன். நீங்க அவர் மண்ணையே தூக்கிட்டு வருவீங்கன்னு நாங்க ரெண்டு பேருமே நினைக்கல. உங்களுக்கு இது தெரியாமலே இருந்திருக்கலாம்...

– தெரியும்மா. அவன் மண்ணெடுத்த அன்னைக்கு நான் மோட்டார் ரூமுக்குப் பின்னாடி நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். பத்துக் குழி வெட்டினான். பத்தையும் திரும்ப மூடி, காலால மிதிச்சு சமம் பண்ணிட்டுப் போனான். என்ன வரும்னு எனக்குத் தெரியாதா? சீட்டைக் கொண்டாந்து பங்காளிங்க முன்னாடி என் மூஞ்சில எறிவான்னு பதினஞ்சு நாளா வாசல்லயே உக்காந்திருந்தேன். இன்னைக்கு எறிவான், நாளைக்கு எறிவான்னு... எறிஞ்சிருந்தா ‘மெஷின் பொய்யிடா’ன்னு நாலு கெட்ட வார்த்தை சொல்லிட்டு, நாளைக்கு நான் பாட்டுக்கு உழுதிருப்பேன். எறியலையேம்மா அவன்... இப்ப நான் எப்படி உழுவேன்?