பிரகாசியா வாய் தொறக்காத வள்ளம்

நம்ம கோயிலுக்கு ஓலைக் கூரை போட்டிருந்த காலமாம். இதே நாவல்முனையில பிரகாசியான்னு ஒருத்தி இருந்தாளாம். எங்க பூட்டிக்கு அத்தை முறை. படகு கட்டுற ஓடாவி மக, கயித்தான் பொண்டாட்டி. ஒரு வீடு, ஒரு வள்ளம், அவ்வளவுதான் சொத்து.

கயித்தான் காய்ச்சல்ல செத்துப்போனான். வள்ளம் கரையில கேப்பாரில்லாமக் கெடந்து, ஒரு மழைக்காலம் முழுக்கத் தண்ணி குடிச்சு ஊறிப்போச்சாம். "விறகுக்குத்தான் ஆகும் மைனி"ன்னான் கொழுந்தன் இஞ்ஞாசி.

இவ விட்டாளா? வள்ளம் ஓடுனா புடிச்ச மீன்ல வள்ளத்துக்குன்னு ஒரு பங்கு உண்டுல்லா? அந்தப் பங்கு வந்தா, கொழுந்தன் வீட்டு வாசல்ல கஞ்சிக்கு நிக்க வேண்டாம். உளுத்த பலகையப் பேத்தா, புதுசு வச்சா. இடுக்குல பஞ்சைத் திணிச்சா, குங்கிலியத்தை எண்ணெயில காய்ச்சிப் பூசுனா. கை வெந்துச்சாம், பூசுனா. முதுகு ஒடிஞ்சுச்சாம், பூசுனா. "தாலியறுத்தவ ஆசையப் பாரு"ன்னு ஊர் சிரிச்சுது. ஊருக்கு வேற என்ன வேலை!

அடிப்பலகையில மட்டும் உள்ளுக்குள்ள ஈரம். ஈரப் பலகையில பஞ்சு நிக்காது, அலை நாலு தட்டு தட்டுனா பிதுங்கி வந்துரும். இன்னும் காயட்டும்னு காத்தாட விட்டிருந்தா.

வள்ளம் நிமிந்து நின்னதும் வந்தாம் பாருங்க இஞ்ஞாசி, ஊர்ப் பெரியாட்களைக் கூட்டிக்கிட்டு! "எங்க அண்ணன் வள்ளம். ஆம்பள இல்லாத வீட்டுல இது எதுக்கு?" பெரியாட்களும் தலைய ஆட்டுனாவ.

"அப்பம் என் பங்கு?"ன்னாளாம் பிரகாசியா.

"பொம்பளைக்கு ஏது பங்கு? பசிச்சா வா மைனி, கஞ்சி ஊத்துதோம்"னானாம். படுபாவி.

மறுநாள் விடியக்கால இஞ்ஞாசியும் இன்னும் நாலு பேரும் வள்ளத்தைத் தள்ளப் போறாவ. இஞ்ஞாசி அடிப்பலகையத் தட்டிப் பாத்துட்டு, "மைனி, காஞ்சிட்டுல்லா?"ன்னு கேட்டான்.

அவ பேசல.

"ஒங்களத்தான் மைனி. காஞ்சிட்டா?"

அவ பேசல. வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சாம். வயித்தெரிச்சல் அதை முழுங்கிட்டாம்.

"கோவத்துல இருக்காவ, விடு"ன்னு சிரிச்சுக்கிட்டே போயிட்டாவ.

சாயங்காலம் பலகைதான் கரைக்கு வந்துச்சு. இஞ்ஞாசி வரல. கூடப் போன நாலு பேரும் வரல. இஞ்ஞாசி பொண்டாட்டி ஞானப்பூ மண்ணை வாரித் தூத்திக்கிட்டு ஓடி வந்தா. "ஒனக்குத் தெரியுமாக்கா? தெரிஞ்சுக்கிட்டா நின்ன?"

"தெரியும்"னாளாம் பிரகாசியா. "ஒம் புருசன் மேல உள்ள கோவத்துல நின்னேன். மத்த நாலு பேர நெனைக்கலயேட்டி, பாவி நான்"னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதாளாம். சாகுற மட்டும் மீனை வாயில வைக்கலையாம்.

அன்னையிலருந்துதான் நம்ம ஊர்ல இந்த வழக்கம். செப்பம் பண்ணுன வள்ளத்தைத் தள்ளுறதுக்கு முன்னால, அந்த வீட்டுப் பொம்பள அடிப்பலகையில கைய வைக்கணும். "காஞ்சிட்டா?"ன்னு மூணு தடவை கேப்பாவ. அவ வாயத் தொறந்து "காஞ்சிட்டு"ன்னு சொன்னாத்தான் வள்ளம் நகரும். பேசாம நின்னா அன்னைக்குக் கடலுக்குப் போகக் கூடாது. எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் கையக் கட்டிக்கிட்டு நிக்கணும்.

அஞ்சு உசிரு போயி, பொம்பள கிட்ட வார்த்தை கேக்கப் படிச்சிருக்காவ மக்கா. பங்கு மட்டும் இன்னைக்கும் அவளுக்குக் கெடையாது.