இந்தா வருது, சட்னி

எனக்குத் தேங்காய்ச் சட்னி பிடிக்கும், சார். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

ராமேசுவரத்தில் கோயில் பக்கம் இருக்கிற அந்தச் சைவ ஹோட்டலில்தான் காலேஜுக்குப் போகுமுன் தினமும் டிபன். பரிமாறுகிறவர் ராக்கப்பண்ணன். கமுதிக்காரர், அங்கேயே பதினாலு வருடம். தோசையை வைத்துச் சட்னித் தூக்கிலிருந்து ஒரு கரண்டி விடுவார். தோசையின் ஓரம்கூட நனையாது. இன்னொரு கரண்டி கேட்டால், "இந்தா வருது" என்பார். தோசை தீர்ந்து விரலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வரும். சட்னி வீணாகக் கூடாதே என்று இன்னொரு தோசை சொல்வேன். அது வருவதற்குள் சட்னி காய்ந்துவிடும். மூன்று மாதம் இப்படி வாழ்ந்திருக்கிறேன், சார்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "அண்ணே, அந்தத் தூக்க இங்கன வச்சுட்டுப் போனா என்ன?"

"ஏலே ஜெபஸ்டினு, வச்சா நீ வாயில கவுத்துக்கிருவ. பொடி இருக்குல்ல, அதப் போட்டுக்க."

சுற்றியிருந்த மேசைகள் சிரித்தன. என்னோடு படிக்கிற இஃப்ராவும் சிரித்தாள்.

அந்த ஹோட்டலில் கேட்காமல் நாமே எடுத்துக்கொள்ளக் கூடியது மேசைமேல் இருக்கும் அந்தப் பொடி டப்பா மட்டும்தான். மறுநாள் வீட்டிலிருந்து கூனிப்பொடி கொண்டுபோனேன். கூனி என்றால் காயவைத்த சின்னஞ்சிறு இறால். அம்மா வறுத்து, மிளகாய் சேர்த்து இடித்து வைத்திருப்பார். இட்லிப் பொடியோடு கலந்தால் கண்டுபிடிக்க முடியாது. மூக்குத்தான் கண்டுபிடிக்கும். சைவ ஹோட்டலில் கவிச்சி அடிக்குது என்று யாராவது கத்த வேண்டும், முதலாளி ராக்கப்பண்ணனை நிற்கவைத்துக் கேட்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

யாரும் கத்தவில்லை. பொடி நல்லாயிருக்கு என்றார்கள். டப்பா இரண்டு நாளில் காலி. எனக்கு எரிச்சலாக வந்தது. புதிதாக நிரப்பிய டப்பாவில் பாதிக்குப் பாதி கலந்தேன்.

வெள்ளிக்கிழமை எதிரில் உட்கார்ந்தவர் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத்தலையோடு வந்திருந்தார். அம்மாவுக்குத் திதி கொடுக்க வந்தாராம். தோசை வந்தது. சட்னி கேட்டார். "இந்தா வருது சாமி" என்றார் ராக்கப்பண்ணன். ஈரத்தலைக்காரர் பொடி டப்பாவை இழுத்தார். மூன்று கரண்டி போட்டுக்கொண்டார். சட்னி நேரத்துக்கு வந்திருந்தால் அவர் பொடியைத் தொட்டிருக்கவே மாட்டார் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

எங்கள் கடற்கரையில் விருந்தாளிக்கு இறால் வைக்குமுன், "ஒத்துக்கிருமா?" என்று கேட்பார்கள். என் தங்கை பிரெசில்லாவுக்கு ஒத்துக்கொள்ளாது. முதலில் உதடு தடிக்கும், பிறகு கண் மூடும், பிறகு மூச்சு இழுக்கும். அவருக்கும் அதே வரிசையில்தான் வந்தது. உதடு தடிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆம்புலன்சில் வந்த பெண், "என்ன சாப்பிட்டாரு? எறா, மீனு எதுவும்?" என்று கேட்டது. "சைவக் கட தாயி இது" என்றார் ராக்கப்பண்ணன், கோபமாகவே. பக்கத்தில்தான் நின்றேன். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காமல் எடுத்துச் சொல்வது என் பழக்கமில்லை.

ஆஸ்பத்திரி போகுமுன்பே இறந்துவிட்டார் என்று மதியம் சொன்னார்கள்.

டப்பாவில் இறால் இருந்தது தெரிந்ததும், அதை நிரப்புகிறவர் என்று ராக்கப்பண்ணனைக் கூட்டிவந்து நான்கு நாளாக வைத்திருக்கிறீர்கள். இப்போது ஸ்டேஷனுக்குள் வரும்போது அவர் சம்சாரம் முருகலட்சுமியக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீதான தெனமும் அவரு கையால திங்கிறவன். அவரு அப்படிச் செய்வாரான்னு சொல்லுய்யா." செய்ய மாட்டார், சார். கலந்தது நான்.

மனசாட்சி உறுத்தியதால்தான் வந்தேன். அவரை இன்றே விட்டுவிடுங்கள். அவருக்குப் பதில் வந்திருக்கிற ஆள் சட்னியை விரல்கடை உயரப் பிளாஸ்டிக் கப்பில் மூடிபோட்டுக் கொடுக்கிறான், ஆளுக்கு ஒன்றுதான். இரண்டாவது கேட்டால், வருது என்றுகூடச் சொல்வதில்லை.